இருட்டில் வைத்த செம்பருத்தி

ஒளிச்சேர்க்கைப் பாடம் நடத்த வேண்டி வந்தாலே எனக்கு இடுப்பு வலி வந்துவிடும். குற்றம் பாடத்தின்மேல் இல்லை, தொட்டியின்மேல். செடியை இருட்டில் வைத்து, இலையில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து தீரும்வரை காத்திருக்க வேண்டும். எங்கள் பள்ளி ஆய்வகத்தில் இருட்டு என்ற வசதி கிடையாது. அலமாரிக்குக் கதவில்லை, ஜன்னலுக்குத் திரையில்லை. அதனால் வருடா வருடம் செம்பருத்தித் தொட்டி என் இடுப்பில் ஏறி, பேருந்தில் என் வீட்டுக்கு வரும். படிக்கட்டுக்கு அடியிலுள்ள சின்ன அறையில் துடைப்பத்தோடும் உடைந்த வாளியோடும் கிடந்துவிட்டு, மறுபடி இடுப்பேறிப் பள்ளிக்குப் போகும். "குழந்தைக்கு டிக்கெட் எடுக்கலையா?" என்று நடத்துனர் கேட்பார். அதே ஜோக்குக்கு வருடா வருடம் சிரிப்பேன். இந்த வருடம் சிரிக்கத் தெம்பில்லை.

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து படுக்கையில்தான் இருந்தார். எலும்பு கூடிவிட்டது, இனி நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா நடக்கவில்லை. கைகொடுத்துத் தூக்கினால் கட்டில் விளிம்பில் உட்காருவார். "தலை சுத்துதும்மா" என்று மறுபடி சாய்ந்துவிடுவார். காலையில் அவரைத் துடைத்து, உடை மாற்றி, கைக்கெட்டும் இடத்தில் சாப்பாட்டையும் தண்ணீரையும் வைத்து, வாசலைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போவேன். வீட்டில் எங்களைத் தவிர வேறு யாரும் இல்லை.

வெளியூரில் இருக்கும் அண்ணன் அப்பாவுக்கு முதியோர் இல்லத்தில் இடம் பிடித்துவிட்டான். "ஞாயித்துக்கிழமை வண்டியோட வரேன். எழுந்து நடமாடினார்னா யோசிக்கலாம். படுத்த படுக்கையா கிடக்கிறவரை நீ ஒருத்தியே எத்தனை நாள் பார்ப்பே?" என்றான். மாட்டேன் என்றது மனசு. சரி என்று சொன்னது உடம்பு. அப்பாவிடம் சொன்னபோது, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை செய்முறை வகுப்பு. பள்ளித் தோட்டத்தில் ஓர் இலை, என் இருட்டுத் தொட்டியில் ஓர் இலை. இரண்டையும் வெந்நீரில் போட்டெடுத்து, ஸ்பிரிட்டில் பச்சை போகும்வரை கொதிக்கவைத்து, அலசித் தட்டில் விரித்தேன். "அயோடின் பட்டா வெயில்ல இருந்த இலை நீலக்கறுப்பாகும். இருட்டுல இருந்தது ஆகாது. கவனிங்க" என்று சொட்டுவிட்டேன்.

இரண்டும் நீலக்கறுப்பாயின.

"மிஸ், புஸ்தகத்துல இருக்கிறதையே எழுதிக்கட்டுமா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. நல்ல பிள்ளைகள், என் நிலைமை தெரிந்தவர்கள். எழுதித் தொலையுங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் முதல் மேசைப் பெண் எழுந்துவிட்டாள். ஆசிரியர் அறையில் அவளுக்கு வக்கீல் என்று பெயர்.

"செடியை எங்க வச்சிருந்தீங்க, மிஸ்?"

"வீட்ல. படிக்கட்டுக்கு அடியில."

"கதவு சாத்தியிருந்துச்சா?"

"சாத்தியிருந்துச்சு."

"அப்ப யாரோ எடுத்து வெயில்ல வச்சிருக்காங்க."

"எங்கப்பா மட்டும்தான் இருக்கார். அவரால எழுந்திரிக்க முடியாது."

"அவரும் எடுக்கலன்னா செடியே நடந்து போச்சா, மிஸ்?"

வகுப்பு மொத்தமும் சிரித்தது. நானும் சிரிக்க ஆரம்பித்தேன், பாதியிலேயே நின்றுவிட்டது. தொட்டியிலிருந்து இன்னோர் இலையைக் கிள்ளினேன். மறுபடி வெந்நீர், மறுபடி ஸ்பிரிட், மறுபடி அயோடின். அதுவும் நீலக்கறுப்புதான்.

"கண்ணால பார்த்ததை எழுதுங்க. செடி வெயில்ல இருந்திருக்கு" என்றேன்.

சோதனையைத் திரும்பச் செய்தாக வேண்டும் என்பதால் தொட்டியும் என்னோடு வீடு திரும்பியது. கதவைத் திறந்ததும் நேரே பின்கட்டுக்குப் போனேன். கால் துடைக்கும் மிதியடி தன் இடத்தில் இல்லை, பின்கதவோரம் கசங்கிக் கிடந்தது. அதன்மேல் தொட்டிமண். வெளியே சிமெண்டுத் தரையில், வெயில் விழும் மூலையில், தொட்டியின் அடி வட்டமாகப் பதிந்திருந்தது.

அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"செடியை வெளிய எடுத்தது நீங்கதானே?"

"எந்தச் செடி?" வீட்டுப்பாடம் செய்யாத பையன்கூட இதைவிட நன்றாகப் பொய் சொல்வான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் தினமும் இடுப்பொடிய உங்களைத் தூக்கி உட்கார வைக்கிறேன். நீங்க நான் இல்லாதப்ப நடந்துட்டிருக்கீங்களா?" என்று கத்தினேன். கத்தும்போதே அழுகையும் வந்துவிட்டது.

அப்பா மெல்லத் திரும்பினார். "நீ பக்கத்துல இருந்தா பயமா இருக்கும்மா. நான் தடுமாறினா உன் மூஞ்சி போற போக்கைப் பார்க்க முடியல. நீ பூட்டிட்டுப் போனப்புறம் விழுந்தாலும் எனக்கு மட்டும்தானே தெரியும்? சுவரைப் புடிச்சுக்கிட்டு நடந்தேன். ஊன்றதுக்குத் துடைப்பத்தை எடுக்கலாம்னு அந்தக் கதவைத் திறந்தா, உள்ள செடி. நீ மறந்துட்டேன்னு நினைச்சேன். பாவமா இருந்துச்சு. மிதியடியில வச்சு இழுத்துட்டுப் போயி, அதோட நானும் கொஞ்ச நேரம் வெயில்ல உட்கார்ந்தேன். நீ கண்டுபிடிச்சிடுவியேன்னு திரும்பக் கொண்டுவந்து வச்சுட்டேன்."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"ஞாயித்துக்கிழமை உங்கண்ணன் வரப்ப நானே போய்க் கதவைத் திறக்கலாம்னு இருந்தேன்."

அண்ணனைப் போனில் கூப்பிட்டு, அப்பா நடக்கிறார் என்றேன். அவன் நம்பவில்லை. "நீ வந்து பாரு. வண்டி வேணாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். இனியும் இவரைத் துடைத்து, சாப்பாடு செய்துவைத்து, வாசலைப் பூட்டிக்கொண்டு ஓடப்போவது நான்தான். அது தெரிந்துதான் சொன்னேன்.

தொட்டியைப் படிக்கட்டுக்கு அடியில் தள்ளிக் கதவைச் சாத்தினேன். கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார் அப்பா.

"திரும்பவும் இருட்டுலயா?"

"பாடத்துக்குப்பா. தயவுசெஞ்சு தொடாதீங்க."

"சரி, தொடல" என்றார் அப்பா. "வெயிலுக்கு நான் மட்டும் போறேன்."