ஐந்தருவியில் விடுகிறார்களாம்

...அப்படியென்றால் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு வந்திருக்கவே கூடாது, இப்போது கழுத்து வழியாக இறங்கி நைட்டிக்குள் போகிறது, அருவியோ பாதுகாப்பு வளைவைத் தாண்டிச் செந்தண்ணீராகக் கொட்டுகிறது, குளிக்கத் தடையாம், பெண்கள் பக்கம் குறுக்கே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு போலீஸ்காரப் பெண், விசில் ஊதி ஊதிக் கன்னம் வலித்ததுதான் மிச்சம்... நிர்மலாதேவிக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. சாயங்காலத்துக்குள் டெல்லி ஆபீசுக்குப் பதில் சொல்ல வேண்டும். பீரங்கிக் குண்டு கேட்டிருக்கும் அந்த நாட்டில் சொந்த ஜனங்களின் ஊர்கள் மேலேயே குண்டு போடுகிறார்கள், ஏற்றுமதிக்கு அனுமதி தர வேண்டாம் என்று கோப்பில் எழுதியவள் அவள்தான், அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஆட்சேபணை இல்லை என்று எழுதச் சொல்கிறார் மேலதிகாரி. அடுத்த மாதம் வெளிநாட்டுக் கூட்டத்தில் மந்திரி வாசிக்கப்போகும் உரையையும் இதே கைதான் எழுதிக்கொண்டிருக்கிறது, ஆயுத ஏற்றுமதியில் எல்லா நாடுகளும் கட்டுப்பாடு காட்ட வேண்டும் என்று... படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில். மேலதிகாரி கெட்டவரா? இல்லையே, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றபோது தன் காரை அனுப்பியவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், நாம் கொடுக்காவிட்டால் இன்னொருவன் கொடுக்கத்தான் போகிறான், குண்டு நிற்காது, நம் வியாபாரம்தான் நிற்கும்... அதற்கு என்ன பதில்? ஊருக்கு வந்ததிலிருந்து தேடுகிறாள், அகப்படவில்லை.

"நிர்மலா, இங்கன நின்னு என்னத்துக்கு? ஐந்தருவியில விடுதாவளாம், ஆட்டோ பிடிப்போம்" என்றாள் ஆனந்தவள்ளி மதினி. அங்கே விடுகிறார்கள், இங்கே மட்டும் என்னவாம்... எரிச்சலில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கயிற்றருகே போய்விட்டாள். "ஏம்மா, ஐந்தருவியில விடுதாவல்லா, நீங்க மட்டும் இங்கன பிடிச்சு வச்சு என்ன ஆவப்போவுது? குளிக்க வந்தவ அங்கன போயிக் குளிக்கத்தான் போறா" என்று சிரித்தபடி கேட்டே விட்டாள். கேட்டபிறகுதான் தன் காதிலும் விழுந்தது. யார் பேசியது? மேலதிகாரியின் அந்தச் சிரிப்புகூடத் தன் முகத்தில் வந்து ஒட்டிக்கொண்டதே... உடம்பெல்லாம் கூசியது. இந்தப் பெண் ஏதாவது சொல்லிவிட மாட்டாளா, தனக்கு அகப்படாத பதிலை இவளாவது... சட்டையில் இசக்கிச்செல்வி என்று பெயர், முகத்தைக்கூடத் திருப்பவில்லை அவள். "எனக்கு என்னக்கா தெரியும், மேலருந்து சொன்னா விட்டுருவேன்" என்று விசிலை மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள்.

அவ்வளவுதானா... ஆனால் கயிறு தளரவில்லையே, சொல்லும்வரை பிடித்துக்கொண்டுதானே நிற்கிறாள். குண்டு ஏற்றப்போகும் துறைமுகத்திலும் யாரோ ஒருவன் இப்படித்தான் நிற்பான், மேலிருந்து சொன்னால் விட்டுவிடுவேன் என்று. அவனுக்கு மேலே யார்? மந்திரி, செயலாளர், மேலதிகாரி... எல்லோரும் அவள் எழுதியதன் அடியில் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான், முதலில் எழுதுவது அவள். "ஆட்டோ வந்துட்டு, வா" என்று மதினி கத்துகிறாள். பைக்குள் போன் அதிர்ந்தது, டெல்லிதான். வெளியே எடுத்தாள், எண்ணெய் விரல் திரையில் வழுக்குகிறது, துண்டில் துடைத்துக்கொள்ளலாம், துடைக்கவில்லை, கோப்பில் எழுதியது எழுதியபடியே இருக்கட்டும்... பதில் இன்னமும் அகப்படவில்லைதான், ஆனால் பதில் அகப்பட்டால்தான் கயிற்றைப் பிடிக்க வேண்டும் என்று யார் சொன்னது?