ஐயாயிரம் சோப்பு உறை

வேலம்மாவின் வாய்க்குப் பழவேற்காடு மீன் மார்க்கெட்டே பயப்படும். கூடைக்குள் கைவிட்டு மீனைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்காமல் நகர்ந்த ஒருவனை, அவன் புரட்டிய அதே மடவையால் கன்னத்தில் அறைந்தவள் அவள். அப்படிப்பட்டவள் இடது மாரில் வந்த கட்டியை மட்டும் எட்டு மாதம் யாருக்கும் சொல்லாமல் ரவிக்கைக்குள் மறைத்து வைத்திருந்தாள். வெட்கம்தான், வேறென்ன. பட்டணத்து டாக்டர் கையை வைத்துப் பார்த்துவிட்டுப் புற்று என்றார். இரண்டு மாதத்துக்குள் மாரை எடுத்துவிட வேண்டும், ஆனால் இப்போதைக்குப் படுக்கை காலியில்லை என்று அனுப்பிவிட்டார்.

அந்த எண்பத்து மூன்றாம் வருஷத்து ஆடியில்தான் செண்பகா சோப்புக் கம்பெனியின் வேன் படகுத்துறைக்கு வந்து நின்றது. வேனிலிருந்து இறங்கிய ஏஜெண்ட் பூபதி மைக்கில் விஷயத்தைச் சொன்னான். மார்ப்புற்று வந்த பெண்களுக்காகப் பட்டணத்தில் ஒரு டிரஸ்ட் இருக்கிறது. திரும்பி வரும் ஒவ்வொரு சோப்பு உறைக்கும் கம்பெனி அந்த டிரஸ்டுக்குப் பத்துப் பைசா தரும். ஒரே இடத்திலிருந்து ஐயாயிரம் உறை வந்தால், அந்த இடத்துப் பெண் ஒருத்திக்கு டிரஸ்டே படுக்கை வாங்கி ஆபரேஷன் செய்து வீட்டுக்கு அனுப்பும்.

மார் என்ற சொல் மைக்கில் வந்ததும் ஆம்பிளைகள் தரையைப் பார்த்தார்கள். பெண்கள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார்கள். வேலம்மா மட்டும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள்.

"எனக்குக் கீது. எம் பேர எழுதிக்கோ" என்றாள்.

எட்டு மாத வெட்கம் அன்றோடு ஒழிந்தது. பின்னால் நின்ற அவள் புருஷன் குப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பழவேற்காட்டு ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பேர். அந்த முறைக்கு எதிராக ஒருவனும் மூச்சு விடமாட்டான். அன்று சாயங்காலமே ஊர்க்கூட்டம் கூடி ஒரு கட்டுப்பாடு போட்டது. பாடு வருகிற வீடு, வலை கட்டுவதற்கு முன்னால் இரண்டு டஜன் செண்பகா வாங்கி, உறையைக் குப்பன் கையில் கொடுத்தாக வேண்டும். சுற்றிலும் இருந்த குப்பங்களும் ஒப்புக்கொண்டன.

அந்த உப்புத் தண்ணீரில் சோப்பு எங்கே நுரைக்கும்? கூழாங்கல்லை உடம்பில் தேய்த்த மாதிரி இருந்தது. ஆனாலும் தேய்த்தார்கள். கேசவன் ஒருவன்தான் சோப்பு வாங்காமல் வலை கட்டப் போனான். குப்பன் அவனை இடுப்பளவு தண்ணீரிலேயே மடக்கித் துடுப்பால் அடித்து முழங்கையை உடைத்தான். எலும்பு முறிந்த சத்தம் கரைக்குக் கேட்டது. வேலம்மா ஒன்றும் பதறவில்லை.

"இன்னொரு கையி இருக்குதில்ல, சோப்பு வாங்கிக்கினு வரட்டும்" என்றாள்.

ஆறாவது வாரம் ஐயாயிரம் சேர்ந்தது. செவ்வாய்க்கிழமை காலை வேன் வந்தது. குப்பன் ஐம்பது சரங்களைத் துறையில் பரப்பி வைத்தான். கடற்காற்றில் ஒரு காகிதம் நிற்காது என்று, வாங்க வாங்க நடுவில் கோணி ஊசியால் குத்தி, வலை நூலில் நூறு நூறாகக் கோத்துக் கூரையில் கட்டி வைத்திருந்தான். அந்தக் கரையில் பத்திரம் என்றால் அதுதான் பத்திரம்.

பூபதி ஒரு சரத்தை எடுத்துப் பார்த்தான். அவன் முகம் செத்துப்போனது.

"யாருங்க இதுல ஓட்ட போட்டது?"

"நாந்தான். இல்லாங்காட்டி காத்து வுட்டு வைக்குமா?" என்றான் குப்பன் பெருமையாக.

"எண்ணி முடிச்ச உறைக்குக் கம்பெனியே நடுவுல ஓட்ட போடும்ங்க, மறுபடி வரக்கூடாதுன்னு. இத பழைய உறைன்னு தள்ளிடுவாங்க. கம்பெனி ஒத்துக்காது. ஆனா..."

அந்த ஆனாவுக்குப் பிறகு அவனை யார் பேசவிட்டார்கள்? குப்பனின் முஷ்டி வாயில் விழுந்தது. இரண்டு பல் மணலில் தெறித்தது. கீழே விழுந்தவனை எட்டுப் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டு மிதித்தார்கள். ஆறு வாரம் நுரைக்காத சோப்பைத் தேய்த்த கோபம் அத்தனையும் காலில் இறங்கியது. வேன் டிரைவர் குதித்து ஓடிவிட்டான்.

வேலம்மாவுக்குக் காது அடைத்துப்போயிற்று. எல்லார் முன்னாலும் மாரைச் சொல்லி மானத்தை விற்றது இதற்குத்தானா என்று இருந்தது. பக்கத்துப் படகிலிருந்த மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கி வந்து வேனுக்குள் கவிழ்த்தாள். தீக்குச்சியை அவளேதான் கிழித்தாள். சீட்டு பற்றியது, சோப்புப் பெட்டிகள் உருகி வழிந்தன, துறை முழுக்க செண்பக வாசனை அடித்தது.

பூபதி தவழ்ந்து வந்து அவள் புடவையைப் பிடித்தான்.

"லெட்டர்... வண்டிக்குள்ள லெட்டர்" என்றான் ரத்தத்தோடு.

"இன்னா லெட்டரு?"

"உங்க பேருக்கு. போன வாரமே டிரஸ்டுல கெஞ்சி வாங்கிட்டேன். உறை வந்தாலும் வராட்டியும் வியாழக்கிழமை உங்களுக்குப் படுக்கை."

குப்பன் நெருப்புக்குள் பாய்ந்தான். டிரைவர் சீட்டுக்கு முன்னாலிருந்த பெட்டிக்குள் இரண்டு கையையும் விட்டுத் துழாவினான். வேலம்மா அவன் தலைமயிரைப் பிடித்து வெளியே இழுத்தபோது முழங்கை வரைக்கும் தோல் உரிந்து தொங்கியது. கையில் கருகிய தாள்தான் இருந்தது, அதுவும் தொட்டதும் உதிர்ந்தது. வேலம்மா தன் மாரிலேயே ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டாள்.

உச்சி வெயிலுக்குள் போலீஸ் வந்துவிட்டது. மற்றவர்கள் படகைத் தள்ளிக்கொண்டு ஏரிக்குள் போய்விட்டார்கள். வெந்த கையால் துடுப்பைப் பிடிக்க முடியாமல் குப்பன் மட்டும் கரையில் மாட்டினான். லத்தி அந்தக் கையிலேயே விழுந்தது. அவன் கத்திய கத்தலில் கரையில் நின்ற பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"யாருய்யா கொளுத்துனது?" என்று இன்ஸ்பெக்டர் பூபதியைக் கேட்டார். தாடை வீங்கிக் கிடந்த பூபதி வேலம்மாவைப் பார்த்தான், பிறகு தெரியாது என்று தலையாட்டினான். லத்தி மறுபடி குப்பனை நோக்கி ஓங்கியது.

"அந்தாள அடிக்காதீங்க. நாந்தான் கொளுத்துனேன்" என்றாள் வேலம்மா.

அவளை ஜீப்பில் ஏற்றினார்கள். ஒரு காலை உள்ளே வைத்தவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். ஒருத்தரிடமும் கெஞ்சிப் பழகாத குரல் அது, கெஞ்சத் தெரியாமல் கெஞ்சியது.

"புதங்கெயமைக்குள்ள வுட்டுடுவீங்களா ஸார்? வியாயக்கெயம எனக்கு ஆசுபத்திரில படுக்க கீது."

"இன்னா சொல்றா இவ?" என்று இன்ஸ்பெக்டர் பூபதியைக் கேட்டார்.

பூபதி வாயைத் திறந்தான். ரத்தம்தான் வந்தது. போலீஸ் டிரைவர் ஜீப்பைக் கிளப்பினார்.