ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போக

புருஷனைப் பறிகொடுத்த பிறகு, மூன்றாம் வகுப்பு டீச்சர் அன்றுதான் பள்ளிக்கு வந்திருந்தாள். அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை. மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு நடப்பதுபோல இருந்தாள். "இன்னும் கொஞ்ச நாள் லீவு எடுங்கம்மா" என்று ஹெட்மாஸ்டர் கெஞ்சாத குறைதான். இவள் கேட்டால்தானே! கடைசியில், "சரி, ஒரு பாடம் எடுங்க. நான் பின்னால உக்காந்து பாக்கறேன். முடியலைன்னா வீட்டுக்குப் போயிடணும்" என்றார். வீடு என்ற சொல்லுக்குத்தான் அவள் பயந்தாள்.

மாதிரிக் கணக்கு போட்டுக் காட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. முதல் கணக்கை ஒவ்வொரு படியாக உரக்கச் சொல்லிச் சுத்தமாகப் போடுவாள். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு எழுதிக்கொள்ளலாம். இரண்டாவதில் வேண்டுமென்றே ஒரு தப்பை ஒளித்துவைப்பாள். கண்டுபிடிக்கிற வாலு வந்து திருத்தலாம். முதல் கணக்கில் மட்டும் விளையாட்டே கிடையாது.

ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போக எவ்வளவு?

"ரெண்டுல ஏழு போகாது. பக்கத்துல ஒரு பத்து கடன் வாங்கறோம். பன்னெண்டுல ஏழு போனா அஞ்சு. அஞ்சுல ரெண்டு போனா மூணு." முப்பத்தைந்து என்று எழுதினாள். குரல் என்னவோ பழையபடி கணீரென்றுதான் வந்தது.

"தப்பு டீச்சர், தப்பு!" வகுப்பே குதித்தது. "கடன் கொடுத்த அஞ்சு நாலாயிடுச்சே! கண்டுபிடிச்சிட்டோம்!"

பின்பெஞ்சில் ஹெட்மாஸ்டர் சிரித்துவிட்டார். அவளுடைய விளையாட்டு தெரிந்த மனுஷன். "பழையபடி ஆயிட்டீங்கம்மா" என்று எழுந்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அவள் பிழைத்தாள்.

ஜன்னலோரத்தில் ஒரு வாயில்லாப்பூச்சி உட்கார்ந்திருந்தது. முப்பத்தைந்தை நோட்டில் எழுதி, சுற்றிக் கட்டமும் போட்டுவிட்டது. கத்துகிற யாரையும் நம்பாமல் டீச்சரையே பார்த்தது.

"டீச்சர், இது முதல் கணக்குதானே?"

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"முதல் கணக்குதான் கண்ணு. விளையாட்டு இல்ல. நிஜமாவே தப்பாப் போட்டுட்டேன். அழிச்சிடு."

அவள் பலகையைத் துடைத்து, ஐந்தை அடித்து நாலாக்கி, இருபத்தைந்து வரும்வரை ஒரு படியும் விடாமல் மறுபடி போட்டுக் காட்டினாள். வாயில்லாப்பூச்சி புதுக் கட்டம் போட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள்.

வாசலில் தயங்கி நின்ற ஹெட்மாஸ்டர் அவளை வெளியே கூப்பிட்டார். "வீட்டுக்குப் போங்கம்மா" என்றார் தணிந்த குரலில்.

"போறேன் சார்" என்று தலையாட்டினாள். "அங்க யாருமே இல்லையே சார்."

இதுவரை அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்ன பிறகுதான் அழ ஆரம்பித்தாள்.