ஸ்டிக்கருக்கு அடியில்

ஏணியில் விரிசல் இருக்கிறது என்று சொன்னால் போதாதாம். தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போதே இருந்தது என்று காட்ட வேண்டுமாம். வாங்கிய பிறகு விழுந்த விரிசல் என்றால் அது நம் தலையெழுத்து என்றார் வக்கீல்.

என் கணவர் பெயின்டர். நான்கு மாதத்துக்கு முன் ஏணியின் கால் மடிந்து, இரண்டாவது மாடி உயரத்திலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. எனக்கு மேலேயும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரி வந்து எனக்கும் சேர்த்து அழுதுவிட்டுப் போகிறாள். கேஸ் ஜெயித்தால்தான் அவருக்கு அடுத்த ஆபரேஷன்.

அந்த ஏணி நான் வேலை பார்க்கும் இடத்தில் செய்தது. ஊழியர் விலை என்று நானே வாங்கி வந்தேன். அங்கே எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. வலது காலில், மூன்றாம் படிக்கு மேலே ஒட்ட வேண்டும். ஆனால் எங்காவது கீறல் தெரிந்தால் அதன் மேலேயே ஒட்டிவிடுவோம். கீறலுக்காக ஏணியைத் திருப்பி அனுப்பினால் சூப்பர்வைசரிடம் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

வக்கீல் அறையில் ஏணியைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதைத் தூக்கி வந்த என் கொழுந்தன் கேட்டான்.

"அண்ணி, ஸ்டிக்கர் ஏன் இடது கால்ல இருக்கு?"

அவன் நகத்தால் உரித்தான். அடியில் விரிசல். அதற்குள் பசை இறங்கிக் காய்ந்திருந்தது.

வக்கீலுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷம். "பசை உள்ள போயிருக்குன்னா விரிசல் முன்னாடியே இருந்திருக்கு! ஒட்டுன ஆள் வந்து சாட்சி சொன்னா போதும்மா. யாருன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

ஸ்டிக்கரின் ஒரு மூலை உள்பக்கமாக மடிந்திருந்தது.

"முடியும்" என்றேன்.

கொழுந்தன் அந்த ஸ்டிக்கரைப் போனில் படம் பிடித்தான். எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய் அண்ணனிடம் காட்டியும் விட்டான். வாயில் எதுவும் நிற்காத பிள்ளை.

நான் போனபோது அவர் விழித்திருந்தார். எம்பி எம்பி உட்கார்ந்து முழங்கை புண்ணாகிவிட்டது. பழைய பிளாஸ்திரியைப் பிரித்து, துடைத்து, புதிதாக ஒட்டினேன். பிறகு பிரிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று மூலையை மடித்தேன். பதினோரு வருஷம் ஸ்டிக்கர் ஒட்டிய பழக்கம், கை கேட்காது.

அவர் அந்த மூலையையே பார்த்தார்.

"நீதானா?"

"கீறல்னு நெனச்சேன்."

மடித்த மூலையை விரலால் அழுத்தி ஒட்டினார்.

"கோர்ட்ல சொல்லிடு. கேஸ் ஜெயிச்சிரும்" என்றார்.

பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். முகம் மட்டும்தான் திரும்பியது. உடம்பைத் திருப்ப நான் வேண்டும். இடுப்பில் ஒரு கை, தோளில் ஒரு கை கொடுத்து, என்னைப் பார்க்காதபடி திருப்பிப் படுக்க வைத்தேன்.