முப்பது மில்லி

வேலையிடத்தில் அவளைக் கழுகு என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பது மீட்டர் உயரத்தில், டவர் கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே ஊர்கிற ஆட்களின் தலைக்கு மேலாகக் கம்பிக் கட்டுகளையும் கான்கிரீட் தொட்டிகளையும் தூக்கிச் சொன்ன இடத்தில் பூப்போல வைப்பது அவள் வேலை. கழுகு வைத்ததை ஒரு விரல்கடை கூட நகர்த்த வேண்டியிருந்ததில்லை என்று, கீழே நின்று வாக்கி-டாக்கியில் பேசும் சிக்னல்காரர் புதிதாக வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். ஏதோ தானே பெற்று வளர்த்த மாதிரி சொல்வார்.

அவளுக்கு இருந்த ஒரே தொல்லை மாதத்தில் அந்த ஏழு நாள். காலை ஏழு மணிக்கு ஏணி ஏறினால் பதினோரு மணிக்குத்தான் இறக்கம். நடுவில் இறங்கி ஏற முக்கால் மணி நேரம் பிடிக்கும். அதுவரை கீழே நாற்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். ஆண் ஓட்டுநர்களுக்கு ஒரு காலி பாட்டில் போதும். இவளுக்கு அப்படியா? இரண்டு நாப்கினை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு உட்கார்ந்து, தொடையிடுக்கில் புண் வந்ததுதான் மிச்சம். உள்ளே செருகும் பஞ்சுச் சுருளான டாம்பானுக்கு மாறினாள். முதல் இரண்டு நாளில் அது ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. நூல் வழியாகச் சொட்டியது. கடைசியில் இருக்கையின்மேல் கறுப்பு பாலிதீன் உறையை விரித்து, கறுப்பு பேண்ட் போட்டு, நடப்பது நடக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவளுடைய அக்கா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அக்கா ஒரு பெரிய சலவை நிறுவனத்தில் இஸ்திரி போட்டவள். ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் வெள்ளை விரிப்புகளை நீராவி இஸ்திரியில் தேய்த்து மடிப்பாள். மிதியை அழுத்தினால் புஸ்ஸென்று ஆவி வரும், விட்டால் அடங்கும். பள்ளி விட்டு வந்த காலத்தில் கழுகு அந்த அறையின் மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறாள். அந்தச் சத்தம் அவளுக்கு அக்காவின் மூச்சு மாதிரி.

ஒரு வருடமாக அந்தச் சத்தம் அவளுக்குத் திரும்பவும் கேட்கத் தொடங்கியிருந்தது.

முதல் தடவை கேட்டது ஏணியின் மூன்றாவது மேடையில். மூச்சு வாங்க நின்றாள். பின்னால், காதுக்கு மிக அருகில், புஸ்... புஸ்... புஸ்... திரும்பிப் பார்த்தாள். கம்பிகளுக்கு நடுவே காலை வெளிச்சம்தான் இருந்தது. கிரேனில் ஆவியில் ஓடும் எதுவும் கிடையாது. கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சத்தமும் கூடவே உள்ளே வந்தது. அதன்பிறகு ஏணி ஏறும்போதெல்லாம் வந்தது. தலையணையில் காதை வைத்தால் வந்தது. ஒரு விரிப்பை முடித்து இன்னொன்றை எடுக்கிற நிதானத்தில், நிற்காமல் யாரோ தேய்த்துக்கொண்டே இருந்தார்கள்.

யாரென்று அவளுக்குத் தெரியும். ஏன் வருகிறாள் என்பதும் தெரியும் என்றுதான் நினைத்தாள்.

சாவதற்கு இருபது நாள் முன்பு, ஒரு காலை, அக்கா குளியலறை வாசலில் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"குட்டி, இந்த மாசமும் எனக்கு ரொம்பப் போகுதுடி. உனக்கும் இப்படித்தானா?"

கழுகு குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எல்லாருக்கும் அப்படித்தான். கிளம்பு, நேரமாச்சு."

அக்கா கிளம்பினாள். இருபதாம் நாள், விரிப்பு மூட்டையோடு சலவை நிறுவனத்தின் பின்படியில் இறங்கும்போது விழுந்தாள். தலையில் அடி. படியில் தவறி விழுந்துவிட்டாள் என்றார்கள் எல்லோரும். காகிதத்திலும் அப்படியே எழுதினார்கள். படி ஈரமாக இல்லை. செருப்பு அறுந்திருக்கவில்லை. அதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. கழுகும் கேட்கவில்லை.

வேலையிடத்து முதலுதவி அறையில் ஒரு நர்ஸம்மா இருந்தார். பேச்சில் ஒளிவுமறைவு இல்லாதவர். இருக்கையில் விரித்திருந்த பாலிதீனைப் பற்றி யார் மூலமாகவோ கேள்விப்பட்டு, ஒருநாள் கழுகைக் கூப்பிட்டு ஒரு சின்ன அட்டைப்பெட்டியைக் கையில் கொடுத்தார். உள்ளே சிலிக்கோனில் செய்த மாதவிடாய் கப் ஒன்று இருந்தது. தானும் நாலு வருடமாக இதைத்தான் வைத்துக்கொள்வதாகவும், எட்டு மணி நேரத்துக்குக் கவலையே இல்லை என்றும், கிரேன் ஏறுகிறவளுக்கு இதைவிட்டால் வேறு எது என்றும் சொன்னார். எப்படி மடிப்பது, எப்படி உள்ளே விரிந்ததா என்று பார்ப்பது, எடுக்கும்போது அடியில் நீட்டியிருக்கும் வாலைப் பிடித்து இழுக்காமல் அடிப்பாகத்தைக் கிள்ளிக் காற்றை விடுவது என்று, கூச்சமே இல்லாமல் விரலால் செய்து காட்டினார். கப்பின் உள்பக்கம் பத்து, இருபது, முப்பது மில்லி என்று மூன்று கோடுகள் இருந்தன. அது எதற்கு என்று கழுகு கேட்டாள்.

"எவ்வளவு போகுதுன்னு பாக்கத்தான். பெரும்பாலானவங்களுக்கு எல்லா நாளும் சேர்த்தே ரெண்டு கப், மூணு கப்தான் வரும். பாக்கத்தான் ஆறா ஓடுற மாதிரி இருக்கும்."

முதலில் கொதிக்க வைக்க வேண்டும் என்று பெட்டிக்குள் இருந்த தாளில் போட்டிருந்தது. அந்த மாதம் விலக்கான முதல் நாள் காலை அம்மா சமையலறைக்குள் வந்தபோது பால் பாத்திரத்தில் அது குதித்துக்கொண்டிருந்தது. யார் வீட்டுக் குழந்தைக்கு நிப்பிள் கொதிக்க வைக்கிறாய் என்று அம்மா கேட்டாள். கழுகு விளக்கினாள். அம்மா எட்டிப் பார்த்து, இனிமேல் அந்தப் பாத்திரம் உனக்கே, எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

குளியலறையில் நடந்தது தனிக் கூத்து. மடித்துப் பிடித்த கப் விரலிலிருந்து துள்ளிக் கண்ணாடியில் அடித்து வாளிக்குள் விழுந்தது. கழுவிவிட்டு மறுபடி. அதுவும் சரிப்படவில்லை. நாலாவது தடவை, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பல்லைக் கடிப்பதை விட்டு மூச்சை இழுத்து விட்டபோது, போய் உட்கார்ந்துகொண்டது. எழுந்து நடந்தாள். ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. வெகுநாள் கழித்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்பு காலை ஒன்பதரை வரைதான். தூணுக்கான கம்பிக்கூண்டு ஒன்றைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தபோது பழைய ஈரத்தை உணர்ந்தாள். சரியாக வைக்கத் தெரியவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டு, பதினோரு மணிக்கு இறங்கியதும் நர்ஸம்மாவிடம் போனாள்.

"விரியாம மடங்கியிருந்தா கசியும். இல்லேன்னா நிரம்பியிருக்கணும். ரெண்டரை மணி நேரத்துல நிரம்பாது."

கழிப்பறையில் தாழ் போட்டுக்கொண்டு அடிப்பாகத்தைக் கிள்ளி எடுத்தாள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். கோடுகள் எதுவும் தெரியவில்லை. மூன்று கோட்டையும் மூடி, விளிம்புவரை தளும்பி நின்றது.

நாப்கினில் ரத்தம் என்பது ஒரு கறை. டாம்பானில் அது ஒரு ஊறல். இப்படிப் பாத்திரத்தில் அளந்து ஊற்றிய மாதிரி அவள் பார்த்ததே இல்லை. காதுக்குள் இஸ்திரி வேகமாக ஓடியது: புஸ், புஸ், புஸ்.

அன்று மாலைக்குள் நாலு கப். மறுநாள் ஐந்து. ஏழு நாள் முடிந்தபோது பதினாறு ஆகியிருந்தது. எப்படி இருக்கிறது என்று நர்ஸம்மா கேட்டதற்கு, நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

ஏன் பொய் சொன்னாள் என்பதைப் பிற்பாடு அவளே யோசித்துப் பார்த்திருக்கிறாள். மருத்துவரிடம் போனால் கிரேனைவிட்டு இறக்கிவிடுவார்கள் என்ற பயம் கொஞ்சம் இருந்தது. ஆனால் அது பெரிய பயம் இல்லை. இது நோய் என்று ஒருவர் வாயால் சொல்லிவிட்டால், இதற்கு மருந்து உண்டு என்றும் சொல்லிவிட்டால், அந்தக் காலை அக்கா கேட்ட கேள்விக்கு வேறு பதில் இருந்தது என்று ஆகிவிடும். எல்லாருக்கும் இப்படித்தான் என்பது உண்மையாகவே இருந்துவிடக் கூடாதா என்று அவள் ஆசைப்பட்டாள். அதற்காகத் தன் உடம்பு எவ்வளவு இழந்தாலும் பரவாயில்லை என்று இருந்தாள்.

அந்த மாதம் முழுக்கச் சத்தம் ஒரு நிமிடம்கூட விடவில்லை. ஏணியில் ஒவ்வொரு மேடையிலும் உட்கார்ந்து எழுந்து போனாள். ஒருமுறை திரும்பிப் பார்க்காமலே, "நீயும் கொஞ்சம் உட்காரு, அக்கா" என்று சொன்னாள். சொன்ன பிறகுதான் உடம்பு சிலிர்த்தது.

அடுத்த சுற்றின் இரண்டாம் நாள் அது நடந்தது. இரண்டு டன் கான்கிரீட் தொட்டி அந்தரத்தில் இருந்தது. கீழே ஒன்பதாம் தளத்தில் ஆறு பேர் அதற்காகக் காத்து நின்றார்கள். சிக்னல்காரர், கொஞ்சம் இடது, இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குரலை இஸ்திரிச் சத்தம் மெல்ல மெல்ல மூடியது. கண்ணாடியின் ஓரங்கள் கறுத்து வந்தன. அந்தக் கறுப்புக்கு நடுவில் ஒரு வெள்ளை விரிப்பு யாரோ உதறிய மாதிரி விரிந்து இறங்கியது. அதற்குப் பின்னால் ஒரு ஆள் நிற்பது தெரிந்தது.

அவள் கையை மட்டும் நம்பினாள். நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்து, வாக்கி-டாக்கியை அழுத்தினாள்.

"எனக்குக் கண்ணு தெரியல. எல்லாரையும் விலகச் சொல்லுங்க. காலி இடத்துல இறக்குறேன். நீங்க சொல்லிக்கிட்டே இருங்க."

சிக்னல்காரர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரே நிதானமான குரலில், தாயம் ஆடுகிறவர் எண்ணிச் சொல்வது போல, இறக்கு, இறக்கு, நில்லு, இறக்கு என்று சொன்னார். தொட்டி தரையில் உட்கார்ந்தது. பிறகு அவரும் இன்னொருவரும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மேலே வந்து, அவளைப் படி படியாக இறக்கினார்கள். அதற்கு ஒரு மணி நேரம் ஆனது. நர்ஸம்மா அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். கெட்ட வார்த்தை ஒன்றைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வண்டியை அழைத்தார்.

மருத்துவமனையில் ரத்தத்தைச் சோதித்தார்கள். குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஆறுகூட இல்லை. கர்ப்பப்பையில் எலுமிச்சை அளவில் ஒன்றும் அதைவிடச் சின்னதாக இரண்டும் கட்டிகள் இருப்பது தெரிந்தது. புற்றுநோய் மாதிரித் தெரியவில்லை, அறுத்து எடுத்துவிடலாம், பலருக்கும் வருவதுதான் என்று மருத்துவர் சொன்னார். அவர் நடுவயதுப் பெண், பொறுமையாகப் பேசினார். எத்தனை கப் என்று கழுகு சொன்னபோது அதை எழுதிக்கொண்டார். பெரும்பாலான பெண்கள் ரொம்ப, கொஞ்சம் என்றுதான் சொல்வார்கள். எண்ணிக்கையோடு வருகிறவர்கள் குறைவு என்றார்.

"வீட்டுல வேற யாருக்காவது இப்படி இருந்துதா?"

"அக்காவுக்கு."

"அவங்க எங்க காட்டுறாங்க?"

"அவ இல்ல" என்றாள் கழுகு. மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு தலைசுற்றல், படபடப்பு, மூச்சிரைப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்து, காதில் ஏதாவது சத்தம் கேட்குமா என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைக் கழுகு எதிர்பார்க்கவில்லை. கேட்கும் என்றாள்.

ரத்தம் நீர்த்துப்போனால் இதயம் வேகமாக அடித்துத் தள்ளும்; அந்த ஓட்டம் காதுக்குள் உஸ் உஸ்ஸென்று கேட்கும், புது ரத்தம் ஏற்ற ஏற்றச் சரியாகிவிடும் என்றார் மருத்துவர். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

மதியம் முதல் பை ஏறியது. சத்தம் இருந்தது. இரண்டாவது பை பாதிக்கு வந்தபோது, சாயங்கால வெயில் கட்டில் காலில் விழுந்துகொண்டிருந்தது. புஸ் என்பது உஸ் ஆகி, உஸ் என்பது வெறும் மூச்சாகி, நின்றே போனது. கழுகு காதைத் தலையணையில் அழுத்திப் பார்த்தாள். மறுபக்கம் திரும்பிப் படுத்துப் பார்த்தாள். பையை மாற்ற வந்த பெண் எங்கே வலிக்கிறது என்று கேட்டாள். எங்கும் இல்லை என்று சொல்ல முடியாமல் கழுகு அழுதாள். ஒரு வருடமாகக் கூடவே ஏணி ஏறியவளை இப்போது தானே துரத்திவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. அதைவிட மோசமாக, வந்தது அக்காவே இல்லை என்றும் தோன்றியது. கேள்வி கேட்டுவிட்டுப் போனவள் பதிலுக்காகக்கூடத் திரும்பி வரவில்லை.

நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அறுவைக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருந்தார்கள். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சமையலறை மேசையில் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டே சொன்ன அந்த வார்த்தையையும், மூன்று வருடத்தில் முதன்முறையாக, வாய்விட்டுச் சொன்னாள்.

அம்மா வெகுநேரம் மேசைவிரிப்பை நீவிக்கொண்டிருந்தாள்.

"என்கிட்டயும் கேட்டாடி. உன்கிட்ட கேக்கறதுக்கு முந்தியே கேட்டா. எனக்கு அதைவிட அதிகமாப் போச்சு, நான் செத்தா போயிட்டேன்னு கேட்டேன்."

கழுகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, அந்தக் கப்பைக் கொண்டு வா என்றாள்.

கழுகு கொதிக்க வைத்துத் துடைத்து வைத்திருந்ததைக் கொண்டுவந்து கொடுத்தாள். இதில் எவ்வளவு பிடிக்கும் என்று அம்மா கேட்டாள். முப்பது மில்லி என்றாள். அம்மா அலமாரியிலிருந்து பெரிய எவர்சில்வர் பாத்திரம் ஒன்றை எடுத்துக் குழாயடியில் வைத்தாள். கப்பில் தண்ணீர் பிடித்து அதில் ஊற்றினாள். மறுபடி பிடித்து ஊற்றினாள்.

"அவ படுக்கை விரிப்பை நான்தான் துவைப்பேன். அவ குளிக்கப் போனதும் எடுத்து உப்புப் போட்டு ஊற வைப்பேன். எனக்குத் தெரியும் எவ்வளவுன்னு."

பத்து ஊற்றினாள். பதினைந்து ஊற்றினாள். போதும்மா என்று கழுகு சொன்னாள். அம்மா தலையை ஆட்டினாள். இருபதாவதில் ஒரு நிமிடம் நின்று, எதையோ மனதுக்குள் சரிபார்த்துவிட்டு, இன்னும் மூன்று ஊற்றினாள்.

"இது ஒரு மாசம்" என்றாள்.

குழாயை மூடினாள். இரண்டு பேரும் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கழுகு அம்மாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தண்ணீரைக் கொட்ட இரண்டு பேருக்குமே கை வரவில்லை.