குடும்ப குரூப்பில் நான் போட்ட மீம்

என் வீட்டுக்காரர் லேசில் சிரிக்கமாட்டார். கல்யாண ஆல்பத்திலேயே பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பவர் மாதிரிதான் நிற்பார். அப்படிப்பட்ட மனுஷன் சாப்பாட்டு மேசையில் போனைப் பார்த்து, புரையேறி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரிக்க வைத்தது நானில்லை, சின்னவள்.

சின்னவள் என் ஓர்ப்படி, கொழுந்தனின் மனைவி. இருவரும் மாடியில் இருக்கிறார்கள். அவள் பிசியோதெரபிஸ்ட். குடும்ப குரூப்பில் வாரத்துக்கு இரண்டு மீம் போடுவாள், எல்லாம் கொஞ்சம் அப்படி இப்படித்தான். அன்றைக்குப் போட்டது சேற்றில் தூங்கும் எருமை. மேலே, "விசேஷம் உண்டான்னு கேக்கறவங்க முதல்ல இவரை எழுப்பிக் குடுங்க" என்று எழுதியிருந்தாள். மாமியார்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எருமை நான்தான்" என்று கொழுந்தனே பதில் போட்டிருந்தார்.

எனக்கு வயிறு எரிந்தது. பதினோரு வருஷமாக இந்த மனுஷனிடமிருந்து ஒரு 'ம்' வாங்குவதற்குள் எனக்கு உயிர் போகிறது. அவளுக்கு ஒரு எருமை போதும்.

அன்று மத்தியானம் போனைக் குடைந்தபோது அந்த வீடியோ கண்ணில் பட்டது. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்கக் குனிந்து லென்ஸ் தேய்ப்பதில் எனக்கு இடுப்பு வலி. சொன்னதும் சின்னவள் தானே செய்துகாட்டி எனக்கு மட்டும் அனுப்பியது அது. கையையும் முட்டியையும் தரையில் ஊன்றி முதுகை வளைக்கும் பயிற்சி. ஓர் இடத்தில் நிறுத்திப் படமாக எடுத்து, கீழே எழுதினேன்: "கொழுந்தனார் ஆபீஸ்லேர்ந்து ஏன் ஓட்டமா ஓடி வர்றார்னு இப்ப புரியுதா?" யோசிக்காமல் போட்டேன் என்று சொன்னால் பொய். யோசித்துத்தான் போட்டேன்.

சாயங்காலத்துக்குள் முப்பது சிரிப்பு முகங்கள். கடைசியாகச் சின்னவளும் ஒன்று போட்டாள். என் வீட்டுக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "நீயா இது? உனக்கு இதெல்லாம்கூட வருமா?" என்றார். வயிறு குளிர்ந்துபோயிற்று. அப்புறம் பார்த்தால், இரண்டு விரலை வைத்துப் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். எழுத்து இருந்த பக்கம் இல்லை.

மறுநாள் சின்னவள் வேலை உடுப்போடு நேராக என் சமையலறைக்கு வந்தாள்.

"அக்கா, ஒரு பேஷண்ட்டோட தம்பி இன்னிக்கு அந்தப் படத்தைக் காட்டி, எனக்கும் இதைச் சொல்லித் தருவீங்களான்னு கேட்டான்."

குரூப்பில் யாரோ வெளியே அனுப்பியிருக்கிறார்கள். பயம் வந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "நீ போடாததா? எருமையெல்லாம் போடறியே."

"அது எங்க ரெண்டு பேரோட கதை. அவரைக் கேட்டுட்டுதான் போட்டேன். இது, நீங்க வலிக்குதுன்னு சொன்னதுக்காக எடுத்தது." அவள் குரல் உயரவே இல்லை. "நாளைக்கும் நான் அதே ரூம்ல ஆளுங்க முன்னாடி குனிஞ்சு நிமிரணும். குரூப்ல அழிச்சா போதாதுக்கா. ஒவ்வொருத்தரையும் நீங்களே கேட்டு, போன்லேர்ந்து எடுக்கச் சொல்லுங்க."

முதலில் கூடத்தில் இருந்த என் வீட்டுக்காரரிடம் போய் அழிக்கச் சொன்னேன்.

"அதை நேத்தே அழிச்சுட்டேனே" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"காட்டுங்க."

காட்டவில்லை. நானே கையிலிருந்து போனை வாங்கிப் பார்த்தேன். நான் போட்ட மீம் அதில் இல்லைதான். என் எழுத்தைக் கத்தரித்துவிட்டு, சின்னவளை மட்டும் வைத்திருந்தார்.

நெஞ்சு காந்தியது. யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை.

"அத்தான் அழிச்சுட்டாராக்கா?" சமையலறையிலிருந்து கேட்டாள்.

"அழிச்சுட்டார்" என்று சொல்லிவிட்டு, நான் அழித்தேன்.