சூடாமணி தலையில் வைத்த கை

மே மாதத்தில் ஒரு நிலத்தைப் பார்த்துவிட்டு நவம்பர் மாதத்துக்குச் சத்தியம் செய்த தரகன் சைதாப்பேட்டையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கடைத்தெருவில் என் வாப்பாவுக்கு ஜவுளிக்கடை. எங்கள் வீட்டில் யாரும் எதையும் சொன்ன விலைக்கு வாங்கியதில்லை. பாதித் தலை சிரைத்த பிறகு வாப்பா நாவிதரிடம் இன்னொரு முறை விலை பேசுவார். மீதிப் பாதியை எங்கே கொண்டுபோவீர் என்று அவர் கேட்பார். இவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்துவிடுவதுபோல் பாவனை காட்டுவார். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். நிலம், வண்டிமாடு, பழைய வீடு எது கைமாறினாலும் நடுவில் நிற்பது என் தொழில்.

முப்பத்திரண்டாம் வருஷம் மே மாதம் குலாம் ரசூல் சாயபு தோல் பதனிட ஓர் இடம் கேட்டார். பல்லாவரத்துக்கு மேற்கே இரண்டு மைலில், ஒரு சிற்றேரியின் ஓரத்தில், மலிவாக வாங்கிக் கொடுத்தேன். ஏரி அப்போது காய்ந்து வெடித்துக் கிடந்தது. அதன் நடுவில் பிள்ளைகள் கிட்டிப்புள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பத்திரம் பதிவதற்குள் செய்தி சைதாப்பேட்டைக்கு வந்துவிட்டது. மர்மலாங் பாலத்துக்குக் கீழே அடையாற்றில் துணி வெளுக்கிறவர்கள் கோர்ட்டில் மனுக் கொடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு. அவர்களுக்குப் பெரியதனம் தங்கவேல், என் வயதுக்காரன். மேலே தோல் கழுவினால் கீழே துணி எப்படி வெளுப்பது என்பது அவன் கேள்வி. நியாயமான கேள்வி. அதனால்தான் பதில் சொல்லச் சாயபு என்னை அனுப்பினார்.

துறையில் ஐம்பது அறுபது பேர் கூடியிருந்தார்கள். ஈர மணலில் குச்சியால் கோடு கிழித்துக் காட்டினேன்.

"இது உங்க ஆறு. இதோ, இங்க ஏரி. தோல் கழுவின தண்ணி ஏரிக்குப் போவும். ஏரித் தண்ணி வயலுக்குப் போவும். இதுல ஆறு எங்க வந்துது?"

"ஏரி ரொம்பி ஆத்துக்கு வந்துட்டா?" என்றாள் பாஞ்சாலி. தங்கவேலின் பெண்சாதி. துறையில் எல்லாரும் அவனிடம் பேசிவிட்டு அவளிடம் முடிவு கேட்பார்கள்.

"ஏரி இன்னா தவலையா, சாய்ச்சா ஊத்தறதுக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஏழு வயது மகள் சூடாமணியை இழுத்து என் முன்னால் நிறுத்தினாள்.

"இவ தலையில அடிச்சுச் சொல்லு பாய். ஒரு சொட்டு வராதுன்னு சொல்லு."

நான் அவள் தலையில் கையை வைத்தேன். உச்சந்தலை வெயிலில் சுட்டது. "ஒரு சொட்டு வராது" என்றேன்.

"ம்மா, பாய் மாமா பொய் சொல்லியிருந்தா என் தல வெடிச்சிடுமா?" என்று குழந்தை கேட்டது. அதற்கும் சிரித்தார்கள். மடியிலிருந்து ஒரு துண்டு கல்கண்டு எடுத்துக் கொடுத்தேன். மனு எழுதும் பேச்சு அன்றோடு நின்றது.

சாயபுவின் வேலை தடபுடலாக ஆரம்பித்தது. கொட்டகை போட்டார், பத்துச் சுண்ணாம்புக் குழி வெட்டினார். தோலை அதில் ஊறப்போட்டு, மயிரைச் சுரண்டி, ஒட்டிக்கொண்டிருக்கும் சதையை வழித்து, ஒரு மூலையில் குவித்தார்கள். ஆறு மாதத்தில் அந்தக் குவியல் கொட்டகை உயரத்துக்கு வந்தது. வழியில் போகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். நான் அத்தர் பூசிக்கொண்டு போவேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பதினெட்டு நாள் பெய்தது. பிறகு வெறித்து, மூன்று நாள் நல்ல வெயில். மூன்றாம் நாள் காலை சாயபுவிடமிருந்து ஆள் வந்தான்: "உடனே வரச் சொன்னார்." வேறு ஒன்றும் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. மின்சார ரயிலில் பல்லாவரம் போய் இறங்கி, சேற்றில் நடந்தேன்.

தூரத்திலேயே பறைச் சத்தம் கேட்டது. சாவு என்று நினைத்தேன். கிட்டே போனால் திருவிழா. ஊரே ஏரிக்கரையில் நின்றது. கரையின் ஒரு கோடியில் கல் கட்டிய கலிங்கின் மேல் தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு வழிந்து இரைந்துகொண்டிருந்தது. பெண்கள் மஞ்சளும் பூவும் எறிந்து கும்பிட்டார்கள்.

"வா பாய், வா!" என்று கையைப் பிடித்துக்கொண்டான் சேட்டு. சாயபுவுக்கு நிலம் விற்ற குடியானவன். "பன்னண்டு வருஷத்துக்கு அப்புறம் ஏரி கோடி போவுது!"

ஏரி நிரம்பி மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறுவதை அந்தப் பக்கத்தில் அப்படிச் சொல்வார்கள். அது எனக்குத் தெரியும். அந்த மிச்சம் எங்கே போகிறது என்று மட்டும் நான் யாரையும் கேட்டதில்லை. கேட்டேன்.

"இன்னா பாய், புதுசாக் கேக்கற? ஆத்துக்குத்தான்."

"எந்த ஆத்துக்கு?"

"நமக்கு எத்தினி ஆறு கீது? அடையாத்துக்குத்தான்." அவன் கையை மேற்கே நீட்டி வளைத்துக் காட்டினான். "செம்பரம்பாக்கத்துலேர்ந்து இந்தக் குட்டி ஏரி வரைக்கும், ஒண்ணொண்ணா ரொம்பி ஒண்ணொண்ணா வழிஞ்சு, எல்லாம் ஒரே எடத்துல போய் வுழுது பாரு, அதுக்குப் பேருதான் ஆறு. நீ இன்னாத்த நெனச்சிக்கினு இருந்த?"

"மே மாசம் ஏன்யா இத எங்கிட்ட சொல்லல?"

"நீ கேட்டா சொல்லியிருப்பேன். நீ வெலையத்தானே கேட்ட?"

சாயபுவின் கொட்டகையைத் தேடினேன். கூரை மட்டும் தெரிந்தது. மே மாதத்தில் நான் காலால் அளந்து காட்டிய நிலம் ஏரியின் வயிற்றுக்குள் இருந்தது. பத்துக் குழியும் தண்ணீருக்கு அடியில். குவியல் இருந்த மூலையில் குவியல் இல்லை. அது கரைந்து, பிரிந்து, தெப்பம் தெப்பமாகக் கலிங்கைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தது. கரைமேல் ஒரு மாட்டுவண்டியில் ஏறிக் குடை பிடித்து நின்றார் சாயபு.

"இனாயத் மியான், எனக்கு நிலம் வாங்கிக் கொடுத்தியா, கப்பல் வாங்கிக் கொடுத்தியா?"

முதல் தெப்பம் கலிங்கில் ஏறிக் கவிழ்ந்தது. அழுகிய சதை, சுண்ணாம்பு, மயிர். பெண்கள் எறிந்த பூ அதில் ஒட்டிக்கொண்டு போயிற்று. நாற்றம் கரைமேல் ஏறியதும் பறையடித்தவன் ஒரு கையை எடுத்து மூக்கை மூடினான். இன்னொரு கை மட்டும் கொஞ்ச நேரம் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

"சைதாப்பேட்டைக்கு எப்பப் போய்ச் சேரும்?" என்றேன் சேட்டுவிடம்.

"வேகமாத்தான் போவுது. உச்சி சாயறதுக்குள்ள போயிடும்."

அப்போது மணி ஒன்பதரை. சாயபு பின்னாலிருந்து கூப்பிட்டார். நான் நிற்காமல் ரயிலடிக்கு ஓடினேன். செருப்பு ஒன்று சேற்றில் போனது. பல்லாவரத்தில் வண்டிக்காக நின்ற அரைமணி நேரம் என் கல்யாணத்தன்று காத்திருந்ததைவிட நீளமாக இருந்தது.

கிண்டியைத் தாண்டி ரயில் ஆற்றுப் பாலத்தில் ஏறியபோது ஜன்னலில் தலையை நீட்டினேன். தண்ணீர் மழைத் தண்ணீராகச் செம்மண் நிறத்தில் சாதுவாகப் போய்க்கொண்டிருந்தது. கீழ்ப்புறம் துறையில் என்றைக்கும் இல்லாத கூட்டம். மூன்று வார அழுக்கு மழையில் தேங்கி, இன்று ஒரே நாளில் வெளுக்க வந்திருக்கிறார்கள். மணல் முழுக்க வெள்ளைத் துணி. முழங்கால் தண்ணீரில் ஆணும் பெண்ணும் குழந்தையும்.

நான் துறைக்கு இறங்கியபோது தங்கவேல் வெள்ளாவிப் பானைக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் மேல ஏறுங்க! மேலேர்ந்து தோல் தண்ணி வருது!" என்று கத்தினேன்.

யாரும் ஏறவில்லை. ஒருவன் கல்லில் துணியை அடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தான்.

"இந்த வாட்டி எடம் யாருக்கு பாய்? செங்கல் சூளைக்கா?" என்றான் தங்கவேல்.

எனக்கு முகம் சுண்டியது. இரண்டு வருஷம் முன்னால், சர்க்கார் அளக்க வருகிறது என்று பயம் காட்டி, இதே கரையில் எட்டுக் குடிசையைக் கிளப்பிச் சூளைக்காரனுக்கு இடம் பேசி முடித்தவன் நான்.

"அல்லா மேல ஆணையா, இது நெசம். நானே கண்ணால பாத்துட்டு ஓடி வரேன். ஏரி ரொம்பி வழியுது!"

"ஏரி இன்னா தவலையா பாய்?" என்றாள் பாஞ்சாலி தண்ணீருக்குள் நின்றபடி. துறை முழுக்கச் சிரித்தது. அவள் பக்கத்தில் சூடாமணி ஒரு கைக்குட்டையைத் தாயைப் போலவே ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தாள்.

கெஞ்சினேன். ஒரு செருப்போடு நின்ற காலைக் காட்டினேன். "செருப்புக் கடைக்காரனுக்கும் தரகா?" என்று கேட்டான் ஒருவன். மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது. காற்று மேற்கிலிருந்து அடித்தது. எனக்கு மட்டும் அதில் அந்த வாடை வருவதுபோல் இருந்தது.

அப்போதுதான் என் வாப்பாவின் தொப்பி ஞாபகத்துக்கு வந்தது. என் சொல்லை இவர்கள் இலவசமாக வாங்கமாட்டார்கள். விலை வைத்தால் அதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு வாங்குவார்கள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டேன். சிரித்தேன்.

"சரி, புடிச்சிட்டீங்க. தண்ணியும் வரல, ஒண்ணும் வரல. வெளுக்கறவங்க வெளுங்க. ஒண்ணு செய்யுங்க. பொழுது சாயற வரைக்கும் யாரும் தண்ணிய விட்டு ஏறாதீங்க. துணியும் மணல்லயே கெடக்கட்டும். தலைக்கு ஒரு ரூபா தரேன்."

கல்லில் துணி விழும் சத்தமே இல்லை.

"எதுக்கு ரூபா?" என்றாள் பாஞ்சாலி.

"எதுக்கா இருந்தா இன்னா? சும்மா நிக்கறதுக்கு ஒரு ரூபா கசக்குதா? சரி, ஒண்ணேகால்."

அந்தக் கால் ரூபாய்தான் வேலை செய்தது. கேட்காமல் விலையை ஏற்றுகிற தரகனை அவர்கள் பார்த்ததே இல்லை. பாஞ்சாலி குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

"ஏறுங்கடி! துணிய வாரு! இவன் என்னமோ வச்சிக்கினு பேசறான்!"

கால்மணி நேரத்தில் துறை காலி. மூட்டைகள் மேட்டில் ஏறின. நான் மணலில் நின்று, "ஒன்றரை! ஒன்றரை!" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

முதலில் மீன்கள் வந்தன. தண்ணீரின் மேல் துள்ளித் துள்ளி, கரையை முட்டி, சில மணலிலேயே ஏறி விழுந்தன. அதற்குப் பின்னால் கரைக்குக் கரை கஞ்சி நுரை. அதற்கும் பின்னால் வந்ததை நான் ஏற்கனவே பார்த்தவன். இருந்தும் கண்ணை மூடிக்கொண்டேன். அழுக்கில் பிறந்து அழுக்கில் வளர்ந்த தொழில் அவர்களுடையது. அப்படியும் மேட்டில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு கிழவி வாந்தி எடுத்தாள். வெளுக்கும் கற்களில் மயிர் சடை சடையாகச் சுற்றிக்கொண்டது. குடிதண்ணீருக்காக மணலில் தோண்டிவைத்திருந்த ஊற்றுகள் ஒவ்வொன்றாக நிரம்பின. அவற்றை நான் நினைக்கவே இல்லை.

தங்கவேல் விட்டுப்போன ஒரு மூட்டைக்காக இறங்கி, எடுக்காமலே திரும்பினான். முழங்காலுக்குக் கீழே சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. "எரியுது" என்றான், யாரிடமோ சொல்வதுபோல்.

பாஞ்சாலி என் பக்கம் திரும்பினாள்.

"தெரிஞ்சிக்கினே எங்கள இதுல நிக்கச் சொன்னியா? ரூபா காட்டி நிக்கச் சொன்னியா?"

நாலு பேர் என்னை நோக்கி வந்தார்கள். உங்களை ஏற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதை யார் நம்புவார்கள்? நானே வாங்கமாட்டேன்.

அந்த நேரத்தில் அவள் இடுப்பிலிருந்து குழந்தை இறங்கியது. இரண்டு கையாலும் தலையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. அழவில்லை. ஆற்றைப் பார்த்தது, என்னைப் பார்த்தது.

"பாய் மாமா, எப்ப வெடிக்கும்?"

வந்த நாலு பேரும் நின்றுவிட்டார்கள். பாஞ்சாலியின் முகத்தில் அதுவரை இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. குழந்தை தலையில் அடித்த சத்தியத்தை அவள் மறந்திருந்தாள். நானும் மறந்திருந்தேன். ஏழு வயதுப் பெண் ஒருத்தி மட்டும் ஆறு மாதமாக அதை மறக்காமல் இருந்திருக்கிறாள்.

"கைய எடு பாய்" என்றாள் பாஞ்சாலி. குரல் கெஞ்சலாக வந்தது. "எம் புள்ள தலையில வச்ச கைய எடு."

"எப்படி எடுக்கறது?"

"ஊர் பாக்க வச்ச. ஊர் பாக்க எடு" என்றான் தங்கவேல்.

கோர்ட்டு துறையிலிருந்து கூப்பிடு தூரம். எல்லாரும் நடந்தோம். முன்னால் நான் ஒற்றைச் செருப்போடு. பின்னால் ஈரப் புடவையும் நாற்றமுமாக அறுபது பேர். கோர்ட்டு வாசலில் மரத்தடியில் மேஜை போட்டு மனு எழுதுகிற அப்துல் வஹீத் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு நிமிர்ந்தார். எனக்குப் பழக்கமானவர், என் கிரயப் பத்திரங்களில் பாதி அவர் எழுதியது.

"என்ன இனாயத், யார் மேல மனு?"

"குலாம் ரசூல் சாயபு மேல."

பேனாவை மையில் தோய்த்தவர் அப்படியே நிறுத்தினார். "உன் சொந்த கிராக்கி மேலயா?"

"இன்னொரு பேரும் இருக்கு. அதையும் எழுதுங்க. இனாயத், தரகு. மே மாசம் ஏரி எங்க வழியும்னு விசாரிக்காம, ஆத்துக்கு ஒரு சொட்டு வராதுன்னு சத்தியம் பண்ணவன். அத நானே சொன்னதா எழுதி, எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிங்க."

அவர் எழுதினார். உரக்கப் படித்தார். அன்றைக்குப் பிறகு எனக்கு யார் நிலம் கொடுப்பார்கள் என்று ஒரு கணக்கு மனதில் எழுந்து, நாற்றத்தில் அமுங்கிப் போயிற்று. கையெழுத்துப் போட்டேன்.

திரும்பிக் குழந்தையைப் பார்த்தேன். "எடுத்துட்டேன். இனிமே வெடிக்காது."

சூடாமணி மேஜைமேல் கிடந்த காகிதத்தைப் பார்த்தாள். பிறகு தலையிலிருந்து ஒரு கையை மட்டும் இறக்கினாள்.